ஆன்லைன் வேலை அறிவிப்புக்கு எவ்வளவு சீக்கிரம் விண்ணப்பிக்க வேண்டும்? குமரி மாவட்ட ஃப்ரீலான்சர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலும், வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு டிசைன், மொழிபெயர்ப்பு, வெப்சைட், வீடியோ எடிட்டிங், கணக்கு எழுதுதல் போன்ற வேலைகளைச் செய்துகொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: அறிவிப்பு வந்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கக்கூடிய பொதுவான வேலை என்றால், அறிவிப்பு வெளியான முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். குறிப்பிட்ட திறன் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்றால் அன்றைய பொழுதுக்குள் போட்டால் போதும். வாடிக்கையாளர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்து உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டார் என்றால், நீங்கள் விழித்திருக்கும் நேரமாக இருக்கும்பட்சத்தில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். இந்த மூன்றில் முதலாவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் பலர், மூன்றாவதைக் கோட்டைவிடுகிறார்கள். வேகம் உண்மையில் பலன் தருவது அங்கேதான் என்பதால், இந்தக் கட்டுரை அதை நோக்கியே செல்கிறது.

வாடிக்கையாளர் பக்கத்தில் என்ன நடக்கிறது

வேகம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பது புரிந்தால்தான் எவ்வளவு வேகம் தேவை என்பதும் புரியும். ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர் நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்குத் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து, அன்றைய வேலைகளோடு வேலையாக, ஃப்ரீலான்சர்களைத் தேடும் தளமான அப்வொர்க்கில் ஓர் அறிவிப்பைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட கையோடு அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மின்னஞ்சல், கூட்டம், தொலைபேசி என்று வேறு வேலைக்குப் போய்விட்டு, அரை மணி நேரம் கழித்தோ இரண்டு மணி நேரம் கழித்தோ திரும்பி வந்து, அதுவரை வந்து சேர்ந்த விண்ணப்பங்களை ஒரே மூச்சில் மேலிருந்து கீழாகப் பார்க்கிறார். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அவருக்கு முதலில் தெரிவது பெயர், படம், கேட்கும் கட்டணம், விண்ணப்பக் கடிதத்தின் முதல் இரண்டு வரிகள் ஆகியவை மட்டுமே. அவற்றைக் கொண்டே மூன்று அல்லது நான்கு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மறுபடியும் தன் வேலைக்குப் போய்விடுகிறார். அந்த மூன்று நான்கு பேரில் ஒருவர் ஒத்துவந்துவிட்டால், அதற்குப் பிறகு வந்த விண்ணப்பங்களை அவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆகவே நீங்கள் முதல் ஆளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் முதல் முறை பட்டியலைத் திறக்கும்போது உங்கள் விண்ணப்பம் அதற்குள் இருந்தால் போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்வொர்க்கில் விண்ணப்பங்கள் வந்த வரிசையில் வாடிக்கையாளருக்குக் காட்டப்படுவதில்லை. அந்த வேலைக்கு யார் பொருத்தமானவர் என்று அத்தளம் கணிக்கிறதோ அந்த வரிசையிலேயே காட்டப்படுகின்றன. போதாக்குறைக்கு, கூடுதல் கனெக்ட்ஸ் (விண்ணப்பிப்பதற்காக அத்தளத்தில் காசு கொடுத்து வாங்கும் டோக்கன்கள்) கொடுத்துத் தன் விண்ணப்பத்தை மேலே ஏற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. மூன்றாவது நிமிடத்தில் போட்டவர் பதினைந்தாவது இடத்தில் கிடப்பதும், நாற்பதாவது நிமிடத்தில் போட்டவர் இரண்டாவது இடத்தில் நிற்பதும் அங்கே சாதாரணம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு நொடியில் விண்ணப்பம் எழுதி அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அறிவிப்பு வெளியான முதல் சில நிமிடங்களில் வந்து குவிபவற்றில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பதை வாடிக்கையாளர்களும் கண்டுகொண்டார்கள். அதனால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் நுழைவதில் முன்பு இருந்த பெருமை இப்போது குறைந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து. "அக்கா, பத்து நிமிஷத்துக்குள்ள போட்டாச்சு, ஒரு பதிலும் வரல்ல" என்று கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவர் வருத்தப்பட்டபோது, அவர் அனுப்பிய கடிதத்தை வாங்கிப் படித்தேன். நிமிடக் கணக்கில் குறை எதுவும் இல்லை. வேலை என்ன என்பது பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் குறை.

அறிவிப்பைப் படிக்கும் முறை

விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பின் அடியில் இருக்கும் சிறு எழுத்துகளை ஒரு நிமிடம் படித்துவிட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் கண்ணில் படாமல் போவது அதுதான். அப்வொர்க்கில் ஒவ்வொரு அறிவிப்பின் கீழும், இதுவரை எத்தனை விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன என்பது ஐந்துக்கும் குறைவு, ஐந்து முதல் பத்து, இருபது முதல் ஐம்பது, ஐம்பதுக்கு மேல் என்பதுபோன்ற அளவுகளில் காட்டப்படும். அதன் அருகிலேயே வாடிக்கையாளர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார், எத்தனை பேரோடு பேசிக்கொண்டிருக்கிறார், தானாக எத்தனை பேருக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார் என்பவையும் இருக்கும்.

இந்த எண்களைச் சேர்த்துப் படிக்கப் பழக வேண்டும். அறிவிப்பு வந்து ஐந்து மணி நேரமாகிவிட்டது, ஐம்பதுக்கு மேல் விண்ணப்பங்கள் வந்துவிட்டன, ஆனால் வாடிக்கையாளர் இன்னும் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை, யாருடனும் பேசவில்லை என்றால், நீங்கள் தாமதமாகிவிடவில்லை. பட்டியல் இன்னும் திறக்கப்படவே இல்லை. அதற்கு மாறாக, அறிவிப்பு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது, பத்துப் பேர்தான் விண்ணப்பித்திருக்கிறார்கள், ஆனால் அவர் பத்து நிமிடத்துக்கு முன்பு பார்த்துவிட்டு நான்கு பேரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். கடிகாரத்தைவிட இந்த வரிகள் அதிகம் சொல்லும்.

வாடிக்கையாளரின் பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டதா, இதற்கு முன் எத்தனை பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார், போட்ட அறிவிப்புகளில் எத்தனை சதவீதத்துக்கு உண்மையிலேயே ஆள் எடுத்தார் என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கனெக்ட்ஸ் செலவாகிறது. ஒரு கனெக்டின் விலை 0.15 டாலர். 16 கனெக்ட்ஸ் கேட்கும் வேலைக்கு விண்ணப்பிப்பது என்றால் 2.40 டாலரைக் கொடுத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறீர்கள். அறிவிப்பு போட்டுவிட்டு யாரையும் எடுக்காத வழக்கமுள்ள ஒருவருக்கு ஐந்தே நிமிடத்தில் விண்ணப்பித்தோம் என்பதால் அந்தப் பணம் திரும்பி வரப்போவதில்லை.

அவர்கள் காலை, நம் மாலை

வேகம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல், எந்த நேரத்தில் மேசைக்கு முன் உட்காருகிறோம் என்பதிலேயே அடங்கிவிடுகிறது. அறிவிப்புகள் அதிகம் வெளியாவது அந்தந்த ஊரின் அலுவலக நேரத்தில்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்பது, அங்கே கோடைகால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் வழக்கம்) நடக்கும்போது நமக்கு மாலை ஆறரை. மற்ற மாதங்களில் ஏழரை. மார்ச் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கோடைகால நேரம் தொடங்கி, நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது நமக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. லண்டனில் காலை ஒன்பது என்றால் நமக்குப் பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. அங்கே நேரம் மாறுவது மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும். துபாயில் ஒன்பது மணி நமக்குப் பத்தரை, சிங்கப்பூரில் ஒன்பது மணி நமக்குக் காலை ஆறரை. சிட்னியில் ஒன்பது மணிக்கு நமக்கு இன்னும் விடிந்திருக்காது.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டு நடைமுறையோடு வைத்துப் பார்க்க வேண்டும். மாலை ஆறரை மணி நம் வீடுகளில் விளக்கேற்றும் நேரம், குடும்ப ஜெப நேரம், பிள்ளைகளை வீட்டுப்பாடத்துக்கு உட்காரவைக்கும் நேரம். அந்த நேரத்தில் நியூயார்க் அறிவிப்புகளோடு மல்லுக்கட்டுவதற்கு ஒருவரால் முடியவில்லை என்றால் அது சோம்பல் ஆகாது. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண்களிடம் நான் சொல்வது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தோடு பொருந்தும் வளைகுடாவையும் பிரிட்டனையும் குறிவையுங்கள் என்பதுதான். துபாய் வாடிக்கையாளரின் முற்பகலும் லண்டன் வாடிக்கையாளரின் காலையும், நாகர்கோவிலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு கிடைக்கும் அமைதியான பொழுதுக்குள் வந்துவிடுகின்றன. வளைகுடாவில் இந்த மாவட்டத்துக்காரர்கள் ஏராளமாக இருப்பதால், அங்குள்ள சிறு நிறுவனங்களின் பேச்சும் எதிர்பார்ப்பும் நமக்கு ஓரளவு பழக்கப்பட்டவையாகவும் இருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறையும் வெள்ளிக்கிழமை அரைநாள் வேலையும் நடைமுறையில் இருக்கின்றன. சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை. சவூதி வாடிக்கையாளருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் முதல் நாள் என்பதை, அன்று காலை ஆலயத்துக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விடுமுறை நாட்களும் ஒத்துப்போவதில்லை. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்காக டிசம்பர் 3 நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. லண்டனில் அது வேலைநாள். நீங்கள் திருவிழாவுக்குப் போவதாக இருந்தால், நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தை எதையும் அந்தரத்தில் விடாமல், முந்தைய நாளே வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும். இதேபோல, அமெரிக்க வாடிக்கையாளர் தம் ஊர் வெள்ளிக்கிழமை மாலையில் போடும் அறிவிப்பைப் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் நிதானமாகப் பார்ப்பார். நமக்கு அது சனிக்கிழமை விடிகாலையில் வந்து நிற்கும் அறிவிப்பு. அதற்காக ஓட வேண்டாம். சனிக்கிழமை பகலில் நன்றாகப் படித்துப் பார்த்து எழுதினால் போதும்.

வேகம் முந்தைய நாளே தயாராகிறது

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே மரத்தடியில் நிற்பதற்குக் காரணம், வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்தில் பால் ஓட்டம் நன்றாக இருக்கும் என்பதே. அந்த நேரத்தில் போய்க் கத்தியைத் தேடிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. கத்தி முந்தைய நாளே தீட்டப்பட்டிருக்கும், சிரட்டை மரத்திலேயே இருக்கும். விண்ணப்பத்துக்கும் அதே ஏற்பாடு வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு செய்ய வேண்டியது இரண்டே வேலைகளாக இருக்க வேண்டும்: படிப்பது, அந்த வேலையைப் பற்றி எழுதுவது. மற்ற எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலாவதாக, மாதிரி வேலைகளை வகைவாரியாகப் பிரித்துத் தனித்தனி இணைப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். லோகோ கேட்கிறவருக்கு லோகோ மட்டும் உள்ள பக்கத்தை அனுப்ப வேண்டும். கல்யாண ஆல்பமும் கடைப் பலகையும் கலந்து கிடக்கும் ஒரே டிரைவ் ஃபோல்டரை அனுப்பினால், அவர் தேடி எடுக்கப்போவதில்லை. அந்த இணைப்புகளை வேறொருவர் கைப்பேசியில் திறந்து பார்த்து, அனுமதி கேட்காமல் திறக்கிறதா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நல்ல விண்ணப்பங்கள் பல, 'அனுமதி தேவை' என்ற ஒரு திரையில் முட்டி நின்றுபோகின்றன.

இரண்டாவதாக, உங்களைப் பற்றிச் சொல்லும் பத்தி, வேலை செய்யும் முறையைச் சொல்லும் பத்தி, கிடைக்கும் நேரத்தை வாடிக்கையாளரின் நேரக் கணக்கில் சொல்லும் ஒரு வரி ஆகியவற்றை எழுதி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்கி, கைப்பேசியிலும் கணினியிலும் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இவை விண்ணப்பத்தின் பிற்பகுதிக்கு மட்டுமே. முதல் பகுதியை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் எழுத வேண்டும். கட்டணத்தையும் முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிட வீடியோவுக்கு, ஆயிரம் சொல்லுக்கு, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தெரிந்திருந்தால், விண்ணப்பிக்கும் நேரத்தில் விலையை நினைத்துத் தடுமாற வேண்டிவராது. அவசரத்தில் சொன்ன குறைந்த விலையோடு பிறகு வாரக்கணக்கில் வாழ வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, தேடல்களைச் சேமித்து வைக்க வேண்டும். 'வீடியோ எடிட்டிங்' என்று தேடினால் வரும் வெள்ளத்தில் மூழ்க வேண்டாம். 'சிறு யூடியூப் சேனலுக்கான மாதாந்திர எடிட்டிங்' என்கிற அளவுக்குக் குறுக்கி, குறைந்தபட்சத் தொகை, பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்ட வாடிக்கையாளர் ஆகிய நிபந்தனைகளோடு இரண்டு மூன்று தேடல்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன் தளத்திலும் கடந்த 24 மணி நேரத்தில் வந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. கைப்பேசியில் அந்தச் செயலிகளின் நோட்டிஃபிகேஷனுக்கு மட்டும் தனி ஓசை வைத்துவிட்டால், வாட்ஸாப் ஒலிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கும் தொல்லை இருக்காது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது; மரக்கிளை கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று தாக்கிய ஓக்கி புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோடத்துக்கு ஒரு சிறிய யுபிஎஸ், வீட்டு இணைய இணைப்பு எந்த நிறுவனத்துடையதோ அதுவல்லாத வேறு நிறுவனத்தின் சிம், விண்ணப்பப் பத்திகளின் ஒரு நகல் கைப்பேசியில், இவ்வளவும் இருந்தால் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாட்களிலும் பேச்சு அறுந்துபோகாது.

இருபது நிமிடத்தில் ஒரு விண்ணப்பம்

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு நிமிட மலையாள சமையல் காணொலிக்குத் தமிழில் சப்டைட்டில் வேண்டும், எஸ்ஆர்டி (வசனமும் அது திரையில் வரும் நேரமும் அடங்கிய) கோப்பாகத் தர வேண்டும், மாதிரிக் காணொலி இணைக்கப்பட்டுள்ளது, முழுவதும் படித்தீர்கள் என்பதற்கு அடையாளமாக 'தேங்காய்' என்ற சொல்லோடு கடிதத்தைத் தொடங்குங்கள் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. இப்படி ஒரு சொல்லை ஒளித்து வைப்பது, படிக்காமல் அனுப்புகிறவர்களை வடிகட்ட வாடிக்கையாளர்கள் கையாளும் பழைய வழி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளமும் தமிழும் வீட்டுப் பேச்சாகவே கலந்திருப்பதால், நம் ஊரில் பலருக்கு இது கைவந்த வேலை.

முதல் ஐந்து நிமிடத்தில் அறிவிப்பை இரண்டு முறை படியுங்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் இணைத்த காணொலியை ஆங்காங்கே ஓட்டிப் பாருங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே இந்த ஐந்து நிமிடம்தான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். அதன் பிறகு ஆங்கிலத்தில் நீங்கள் எழுதும் முதல் இரண்டு வரிகளின் பொருள் ஏறத்தாழ இப்படி இருக்க வேண்டும்: "தேங்காய். உங்கள் காணொலியில் பாட்டியும் பேரனும் ஒரே நேரத்தில் பேசும் இடங்கள் சில உள்ளன. அங்கே இருவர் பேச்சையும் திரையில் இரண்டு வரிக்கு மிகாமல் தனித்தனியாகக் காட்டலாம், மசாலாப் பெயர்களைத் தமிழ்நாட்டு வழக்கில் தரட்டுமா அல்லது மலையாளப் பெயரையே வைக்கட்டுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்." அனுபவம் இத்தனை ஆண்டு, நேர்மையாக உழைப்பேன் என்பவையெல்லாம் பின்னால் வரும் பத்தியில் இருந்துகொள்ளட்டும். வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுவது அவருடைய பாட்டியும் அவருடைய பேரனும் ஆக இருக்க வேண்டும்.

மீதிப் பத்து நிமிடத்தில் தயாராக உள்ள பத்திகளைச் சேர்த்து, பொருத்தமான ஒரே ஒரு மாதிரியை இணைத்து, பெயரும் தொகையும் நாளும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்பிவிடலாம். அறிவிப்பு உங்கள் கண்ணில் பட்டது அது வெளியாகி முப்பது நிமிடம் கழித்து என்றாலும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். உண்மையில் இத்தகைய இருமொழி வேலைகளுக்கு அந்த ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. தகுதியுள்ளவர்கள் குறைவு என்பதால், அடுத்த நாள் காலையில் போடுகிற விண்ணப்பமும் பலன் தருகிறது. லோகோ, டேட்டா என்ட்ரி, பொதுவான ஆங்கிலக் கட்டுரை போன்றவற்றில்தான் நேரம் கழுத்தைப் பிடிக்கும். நேரத்தோடு ஓடி அலுத்துப்போனவர்கள், ஓட வேண்டாத வேலை எது தம் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பதில் வந்த பிறகு

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்புகிறார் என்றால், அந்த நொடியில் அவர் தம் மேசையில் உட்கார்ந்து அந்த வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அதே கேள்வியை அனுப்பியிருப்பார். பத்து நிமிடத்துக்குள் தெளிவாகப் பதில் சொல்கிறவரோடு அவர் அடுத்த கேள்விக்குப் போகிறார். அடுத்த கேள்வியிலிருந்து நேரடிப் பேச்சுக்குப் போகிறார். மற்றவர்கள் பதில் எழுதும்போது பேச்சு முடிந்துவிடுகிறது. நூறு பேரோடு நின்ற வரிசை நான்கு பேராகச் சுருங்கிய நிலையில், இங்கே காட்டும் பத்து நிமிட வேகம், விண்ணப்பிக்கும்போது காட்டிய எந்த வேகத்தையும்விடப் பெரிய பலனைத் தருகிறது.

முழுப் பதிலும் கையில் இல்லை என்பதற்காகப் பேசாமல் இருக்கக் கூடாது. "கிடைத்தது, கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு உங்கள் நேரப்படி பதினொரு மணிக்குள் முழு விவரம் அனுப்புகிறேன்" என்ற ஒரு வரி உடனே போக வேண்டும், சொன்ன பதினொரு மணிக்கு முன்பே விவரமும் போய்ச் சேர வேண்டும். நேரத்தை அவர் ஊர்க் கணக்கில் சொல்வது உங்களுக்கு ஒரு சிறு கூட்டல் கழித்தல்தான்; அவருக்கு அது மிகப் பெரிய நிம்மதி. கலிஃபோர்னியா வாடிக்கையாளரின் செய்தி நள்ளிரவில் வரும் என்பது தெரிந்ததே. அதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். விண்ணப்பத்திலேயே, அவர் ஊர்க் காலை எத்தனை மணி வரை உடனுக்குடன் பேசக் கிடைப்பீர்கள், அதற்குப் பின் வரும் செய்திக்கு எப்போது பதில் வரும் என்று எழுதிவிட்டால் பலர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஃபைவர் தளத்தில் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கிறது. அங்கே அறிவிப்பைத் தேடி நாம் போவதைவிட வாங்குபவர் நம்மைத் தேடி வருவதே அதிகம். முதன்முதலில் வரும் செய்திகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்கிறோமா என்பதை அத்தளம் கணக்கிடுகிறது, சராசரியாகப் பதில் சொல்ல எடுக்கும் நேரம் நம் ப்ரொஃபைலிலேயே வாங்குபவருக்குத் தெரிகிறது. அங்கே தயார்ப் பதில்களைச் சேமித்து வைக்கும் வசதியும் உண்டு. பெயரையும் ஒரு குறிப்பையும் மாற்றி உடனே அனுப்பலாம். அப்வொர்க்கில் வாடிக்கையாளரே அனுப்பும் அழைப்புக்குக் கனெக்ட்ஸ் எதுவும் செலவாகாது. அந்த அழைப்பை ஏற்க முடியாவிட்டாலும் அன்றே மறுத்துப் பதில் போட்டுவிடுவது மரியாதை. காத்திருக்க வைப்பது மரியாதையல்ல.

உள்ளூரில் வாட்ஸாப் குழுக்களில் ஸ்டுடியோக்காரர்களும் அச்சகத்தாரும் போடும் வேலைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே ஆல்பம் டிசைனுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு செய்தி வந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கடியில் 'நான் செய்கிறேன்' என்று மட்டும் போடும் பத்துப் பேரில் ஒருவராக இல்லாமல், இரண்டு பக்க மாதிரியையும் தர முடியும் நாளையும் நேரடியாக அவருக்கே அனுப்பிவிட வேண்டும்.

எங்கே அவசரப்படக் கூடாது

வேகம் வேண்டும் என்ற நம் மனநிலையைப் பயன்படுத்திக்கொண்டு பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் டெலிகிராமுக்கு வாருங்கள், இடம் ஒன்றுதான் மீதி, பதிவுத்தொகை கட்டினால் வேலை உறுதி, பயிற்சிக் கட்டணம் பிறகு திருப்பித் தரப்படும் என்று வரும் எதற்கும் பதிலே எழுத வேண்டாம். வேலை கொடுப்பவர் பணம் தருவார், கேட்க மாட்டார். ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன் தளத்துக்கு வெளியே தொடர்புகொள்வதை அப்வொர்க் விதிகளே தடுக்கின்றன. அதை மீறச் சொல்கிறவரிடம் சீக்கிரமாகப் போவதில் லாபம் எதுவும் இல்லை. ஓடிபி, வங்கி விவரம், கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஆகியவற்றைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் அதற்குத்தான் நிமிடக் கணக்கில் அவசரம் காட்ட வேண்டும்: 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

மாதிரி வேலையை இலவசமாகச் செய்து இன்றிரவே அனுப்பச் சொல்கிறவர்களிடமும் நிதானம் வேண்டும். பத்து வரி மொழிபெயர்த்துக் காட்டுவது நியாயம். முழு அத்தியாயத்தையும் கேட்பது நியாயமில்லை.

நாள் கடந்துபோன அறிவிப்புகளையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நான்கைந்து நாள் ஆன பிறகும் யாரையும் எடுக்காமல், நேற்றோ இன்றோ வாடிக்கையாளர் மறுபடியும் வந்து பார்த்திருக்கிறார் என்றால், முதலில் வந்த விண்ணப்பங்களில் அவருக்கு நிறைவில்லை என்றோ, தேர்ந்தெடுத்த ஆள் கைவிட்டுவிட்டார் என்றோ ஊகிக்கலாம். ஒருமுறை ஏமாந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை நிதானமாகவே படிப்பார். நன்றாக எழுதுகிறவருக்கு அது நல்ல வாய்ப்பு.

கடைசியாக ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு நோட்டிலோ கணினியிலோ ஐந்து கட்டங்கள் போட்டு, அறிவிப்பு வெளியான நேரம், நீங்கள் அனுப்பிய நேரம், வாடிக்கையாளரின் நாடு, என்ன வகை வேலை, பதில் வந்ததா என்பதை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எழுதி வாருங்கள். இரண்டு மாதம் எழுதினால், எந்த நாட்டு வாடிக்கையாளர் எந்த நேரத்தில் உங்களுக்குப் பதில் போடுகிறார் என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரிய ஆரம்பிக்கும். பதில் வராத நேரங்களை விட்டுவிட்டு, வரும் நேரத்தில் மட்டும் மேசைக்கு வாருங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்க நேரம் மாறும்போதும், மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் லண்டன் நேரம் மாறும்போதும், அந்த நோட்டின் கணக்கையும் ஒரு மணி நேரம் தள்ளி எழுதிக்கொள்ளுங்கள்.